மாலத்தீவு போகுமுன் போட்ட மொட்டை

ஆறேழு வருடங்களுக்கு முன்னால், தெருவுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரி எங்கள் ஊர். நைனா விசைத்தறி ஓட்டும் கூலி. அம்மா நூல் சுற்றுவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான்தான். எனக்குப் பின்னால் வந்த தங்கை ஏழாவதோடு நின்று தறிக்குப் போய்விட்டாள். நான் பி.எட். வரை படித்துவிட்டு, புத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொள்ளும்படியான சம்பளம் இல்லை.

மாலத்தீவில் சின்னச் சின்னத் தீவுகளில் இருக்கும் பள்ளிகளுக்கு இந்தியாவிலிருந்து வாத்தியார்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். நேர்முகம் முடிந்து இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. குறிப்பிட்ட நாளுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்தவருக்கு அந்த வேலை போய்விடும் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம். அதை விட்டால் அந்த நாளுக்குள் போய்ச் சேர வழியில்லை.

அன்றிலிருந்து நான் சும்மா இருக்கவில்லை. அங்கே போய் வந்த ஒரு நர்ஸைத் தேடிப் பிடித்து, கேள்வி மேல் கேள்வி கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். கையில் டாலராகக் கொஞ்சம் வைத்துக்கொள்ள வேண்டும். தலைநகரிலிருந்து வேலை பார்க்கும் தீவுக்குத் தோணியில் பல மணி நேரம் போக வேண்டும், வெறும் வயிற்றோடு ஏறக் கூடாது, வாந்தி மாத்திரை அவசியம். குடிக்க மழைத்தண்ணீர்தான். பருத்தித் துணி கொண்டுபோ, பாலியஸ்டர் உப்புக்காற்றில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். சாராயம், பன்றிக்கறி, சாமி சிலை எதையும் பெட்டியில் வைக்கக் கூடாது. இதையெல்லாம் சாப்பிடும்போதுகூட வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுவேன். தங்கை என்னை டூரிஸ்ட்டு கைடு என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

சாமி சிலை கூடாது என்ற இடத்தில்தான் அம்மா சோற்றை அப்படியே வைத்துவிட்டார். பெட்டியில் வைக்க ஏழுமலையான் படம் ஒன்றைச் சட்டம் போட்டு வாங்கி வைத்திருந்தாராம். சிலைதானே கூடாது, இது படம்தானே என்றார். படமும் வேண்டாம், சந்தேகம் என்றால் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன். அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், அப்படியென்றால் கிளம்புவதற்கு முன்னால் மலைக்குப் போய் முடியாவது கொடுத்துவிட்டுப் போ, வேலை கிடைத்தால் கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றார்.

எனக்குப் பெரிய நிம்மதி. மாலத்தீவில் தடுத்த பொருள்களில் முடி இல்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திருமலைக்குப் போனோம்.

முடி இறக்கும் கூடத்தில் டோக்கனும் பாதி பிளேடும் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றோம். தங்கை என் கைப்பையை வைத்திருந்தாள். பாஸ்போர்ட்டை வீட்டில் விட்டுவர எனக்கு மனம் வராமல் அதையும் பையில் போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன். அவள் அதைத் திறந்து என் படத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஏண்ணா, இதுல கிராப்பும் மீசையுமா கீற. மொட்டையா போய் நின்னா உள்ள உடுவாங்களா?"

பாஸ்போர்ட்டில் நம்பரைத்தான் பார்ப்பார்கள், முடியை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று நான் சொன்னேன். சொன்ன தோரணையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பின்னால் நின்றிருந்த இரண்டு பேர் கேட்க வேண்டும் என்றே கொஞ்சம் குரலை உயர்த்தினேன். அவள் பாஸ்போர்ட்டை மூடிப் பையில் போட்டுவிட்டாள். நாவிதர் மீசையும் சேர்த்தா என்று கேட்டார். சேர்த்துத்தான் என்றேன்.

திங்கட்கிழமை காலை, டிக்கெட் வாங்கத் திருப்பதியில் இருக்கும் டிராவல்ஸ் ஆபீஸுக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மா என் பாஸ்போர்ட்டை விரித்து வைத்துக்கொண்டு, அண்ணன் வரவில்லையா என்று தெலுங்கில் கேட்டார். அது நான்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மொட்டையோடு மீசையும் போனதில், இருபத்தாறு வயது ஆள் பத்தாம் வகுப்புப் பையனைப் போல் ஆகியிருந்தேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். திருவனந்தபுரத்தில் ஒருவேளை விட்டுவிடுவார்கள், திருப்பதி மொட்டையைப் பார்க்காத அதிகாரி நம் நாட்டில் கிடையாது. இறங்குகிற இடத்தில் இருப்பவருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்தது இந்தப் படம் ஒன்றுதான். சந்தேகம் வந்தால் வந்த விமானத்திலேயே திருப்பி ஏற்றிவிட அவருக்கு அதிகாரம் உண்டு. பாஸ்போர்ட்டில் அங்க அடையாளம் எழுதும் இடத்தையாவது பார்க்கலாம் என்று புரட்டினார். அங்கே 'இல்லை' என்று இருந்தது. படிவத்தில் அப்படி நிரப்பியவன் நானேதான். தமிழ்நாட்டில் தாசில்தார் என்கிறார்களே, அந்த எம்.ஆர்.ஓ.விடமோ அதற்கு மேலே உள்ள அதிகாரியிடமோ, படத்தில் இருப்பவரும் இவரும் ஒரே ஆள் என்று புதுப் போட்டோ ஒட்டி ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு போ என்று சொல்லி டிக்கெட்டைக் கொடுத்தார். புதன்கிழமை சாயங்காலம் ரேணிகுண்டாவில் நான் ரயில் ஏற வேண்டும். ஊர் திரும்பிப் போட்டோ எடுக்கும் நேரம் போக, நடுவில் இருந்தது ஒன்றரை நாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நைனா பீடி பற்ற வைத்தார். பக்கத்துத் தறிக்காரர் ஒருவர், தெருக்கூத்து ஆடுகிறவர்களிடம் டோப்பா வாங்கி மாட்டிக்கொண்டு போகலாமே என்று யோசனை சொன்னார்.

"போட்டுக்கினு போ. ராஜான்னு நெனச்சி பிளேன்ல மொத சீட்டுல குந்த வெப்பாங்க," என்றாள் தங்கை. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளிக்கி நானும் வரேன். நீ ஒண்டியா போனா இங்கிலீஷ்ல பேசிட்டு வந்துடுவ," என்றாள்.

'நான் அப்பவே சொன்னேனே' என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வெட்கப்பட்டுக்கொண்டு உட்காருவதற்கு நேரம் இல்லை. அன்றைக்கே ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தேன். செவ்வாய்க்கிழமை ஆபீஸ் திறக்கும் முன்பே எம்.ஆர்.ஓ. ஆபீஸ் வாசலில் நாங்கள் இருவரும் நின்றோம். எம்.ஆர்.ஓ. இல்லை, சித்தூர் கலெக்டர் ஆபீஸில் மீட்டிங், நாளை மறுநாள் வாருங்கள் என்றார் குமாஸ்தா. நாளை மறுநாள் நான் கேரளாவில் இருக்க வேண்டும். அங்கிருந்து நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். சித்தூர் பஸ்ஸில் உட்கார இடமில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நின்றுகொண்டே போனோம்.

கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் அட்டெண்டர் எங்களை மூன்று தடவை வெளியே அனுப்பினார். மூன்று தடவையும் வேறு படி வழியாக உள்ளே வந்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு மீட்டிங் கலைந்தது. எங்கள் எம்.ஆர்.ஓ.வை எனக்கு முன்பின் தெரியாது. வெளியே வந்த ஒவ்வொருவரிடமும் நகரியா சார், நகரியா சார் என்று கேட்டுக்கொண்டே போனேன். கண்ணாடி போட்ட ஒருவர் நின்று, ஆமாம், என்ன என்றார்.

நான் முழுவதையும் தெலுங்கில் சொன்னேன். அவர் பழைய படம், புதுப் படம், என் முகம் மூன்றையும் பார்த்தார். பிறகு அமைதியாக ஒன்று சொன்னார். "முடியோடும் உன்னை நான் பார்த்தது கிடையாது, முடியில்லாமலும் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். ரெண்டும் ஒரே ஆள் என்று எதை வைத்துக் கையெழுத்துப் போடுவது?"

இவள் என் தங்கை என்றேன். தங்கை சொல்வது சாட்சி ஆகாது என்றார். ரேஷன் கார்டை நீட்டினேன். அதில் படம் குடும்பத் தலைவருக்கு மட்டும்தான். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே என் ஃபைலை வாங்கி ஒவ்வொரு தாளாகத் தள்ளினார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அவர் விரல் நின்றது. எங்கள் பக்கத்துச் சான்றிதழில் அடையாளங்கள் எழுதியிருப்பார்கள். அவர் அதை ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படித்தார். வலது காதுக்கு மேலே தலையில் ஒரு தழும்பு.

"குனி," என்றார்.

வராந்தாவில் அத்தனை பேர் நடுவில் குனிந்து நின்றேன். அவர் தொடுவதற்கு முன்பே என் தங்கை விரலை அங்கே வைத்துவிட்டாள்.

"இதோ சார். தறியில குறுக்கால ஓடுற நாடாக்கட்டை தெறிச்சி பட்டது. அப்போ இவுருக்கு அஞ்சு வயசாம், எங்கம்மா சொல்லும். இனிமே தறிக் கொட்டாயிலயே உடக்கூடாதுன்னுதான் இஸ்கூல்ல போட்டாங்க."

அந்த ஐந்து வயதிலும் எனக்கு மொட்டைதான். காயத்துக்குத் தையல் போட ஆஸ்பத்திரியில் வழித்த தலையோடுதான் என்னைப் பள்ளியில் சேர்த்தார்கள். சேர்த்துக்கொண்ட வாத்தியார் கண்ணில் பட்டதைப் பதிவேட்டில் எழுதினார். அதுவே பத்தாம் வகுப்புவரை வந்துவிட்டது. பாஸ்போர்ட் படிவத்தில் ஏன் இதை எழுதவில்லை என்று எம்.ஆர்.ஓ. கேட்டார். கண்ணுக்குத் தெரியும் அடையாளம் என்று கேட்டிருந்தார்கள் சார், முடிக்குள்ளே இருந்ததால் இல்லை என்று எழுதினேன் என்றேன். அவர் முதல் தடவையாகச் சிரித்தார். இத்தனை வருடம் ஒருவர் கண்ணிலும் படாதது இன்றைக்குத்தான் வெளியே தெரிகிறது, மொட்டை போட்டிருக்காவிட்டால் உன்னை நம்பியே இருக்க மாட்டேன் என்றார். மொட்டை போட்டிருக்காவிட்டால் உங்களிடம் வந்தே இருக்க மாட்டேன் சார் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

முத்திரை நகரி ஆபீஸில் இருந்தது. மறுநாளும் சித்தூரில் அவருக்கு மீட்டிங். இருந்தும் காலை எட்டு மணிக்கு நகரி ஆபீஸுக்கு வரச் சொன்னார். நாங்கள் ஏழு மணிக்கே போய் நின்றோம். சொன்ன நேரத்துக்கு ஜீப் வந்தது. குமாஸ்தா வந்திருக்கவில்லை. அவரே டைப் மெஷின் முன்னால் உட்கார்ந்து, இரண்டு விரலால் தட்டித் தட்டி அடித்தார். இவர் திருமலையில் மத வழக்கப்படி முடி காணிக்கை கொடுத்தவர், தழும்பை நேரில் பார்த்தேன், இரு படங்களிலும் இருப்பவர் ஒருவரே என்று எழுதி, போட்டோவின் மேல் பாதி விழும்படி முத்திரை குத்திக் கொடுத்தார். கையெடுத்துக் கும்பிட்டேன். ரயிலுக்கு நேரமாகவில்லையா என்று கேட்டு என்னை வெளியே அனுப்பினார். அவர் பெயரைத் தாளின் அடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

டிராவல்ஸ் அம்மா சொன்னது அப்படியே நடந்தது. திருவனந்தபுரத்தில் அதிகாரி என் தலையைப் பார்த்து, திருப்பதியா என்று மட்டும் கேட்டு முத்திரை குத்தினார். மாலத்தீவில் கவுன்டரில் இருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாஸ்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கூடத்தில் நான் ஒருவன்தான் மிச்சம் என்றானபோது சான்றிதழை நீட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். எழுந்து நின்று, காட்டுங்கள் என்றார். குனிந்தேன். இந்த முறை விரல் வைத்துக் காட்ட என் தங்கை பக்கத்தில் இல்லை, நானே தடவிப் பார்த்துக் காட்டினேன். முத்திரை விழுந்த சத்தத்துக்குப் பிறகுதான் நிமிர்ந்தேன். முடி வளர்ந்ததும் உங்கள் மாணவர்கள் புது வாத்தியார் வந்துவிட்டார் என்று நினைக்கப்போகிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார்.

மூன்று வருடம் அந்தத் தீவில் வேலை பார்த்தேன். இப்போது எங்கள் பக்கத்திலிருந்து யாராவது வெளிநாடு கிளம்பினால் யோசனை கேட்டு என்னிடம் வருகிறார்கள். டாலர், மாத்திரை, துணி எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆனால் அன்று வராந்தாவில் குனிந்து நின்றபோது எனக்குப் புரிந்தது வேறு. நான் போகும் நாட்டைப் பற்றி எத்தனை பக்கம் எழுதி வைத்திருந்தாலும், அங்கே என்னைப் பற்றி ஒரு வரிகூட யாருக்கும் தெரியாது. அது தெரிந்துதான் மொட்டை வரிசையில் என் தங்கை அந்தக் கேள்வியைக் கேட்டாள், அதைக் கேட்கிற காது அன்றைக்கு எனக்கு இல்லை.