மூக்கால் ஊதிய நல்லி

என் வீட்டுக்காரருக்கு வாய் கோணியது விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு வாய், மூக்கு, முகம் கழுவி வுழூச் செய்யும்போது. பைப்படியில் கொப்பளித்த தண்ணீர் இடப்பக்கக் கடைவாயால் வழிந்து சாரத்தை நனைத்தது. ஏதோ சொல்ல வந்தார், நாக்குப் புரளவில்லை. கைகால் தப்பியது அல்லாஹ்வின் கிருபை. முகத்தின் ஒரு பாதி மட்டும் தொங்கிப்போய், பேச்சும் குழறியது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கதைக்க வைங்க, ஊத வைங்க. வாயை அசைச்சிக்கிட்டே இரிக்கணும். சும்மா விட்டா அப்படியே இறுகிப் போயிரும்" என்றார். மூன்று வாரத்தில் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்.

ஊத வைக்கச் சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. அவர் குழல் ஊதுகிறவர். சம்மாந்துறைப் பக்கம் எங்கள் வயல். காவல் வாடிக் குடிசையில் இருந்துகொண்டு புல்லாங்குழல் ஊதுவார். நான் மருதமுனைத் தறிக்காரி, எனக்குச் சங்கீதமும் தெரியாது கிங்கீதமும் தெரியாது. சோறு கொண்டு போகும்போது வாய்க்கால் வரம்பிலேயே அந்தச் சத்தம் கேட்டால், மனுசன் இன்றைக்குக் கறியில் குற்றம் பிடிக்க மாட்டார் என்று மட்டும் தெரியும்.

பார்க்க வந்தவர்களில் அவருடைய காக்காவும் ஒருவர், கூடப்பிறந்த அண்ணன். தோடம்பழமும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார். கெட்ட மனிதர் இல்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத் தம்பியிடம் சொன்னார்: "அண்டைக்கே சொன்னன் ஊதாத எண்டு. றபான் கொட்டு அடிச்சிருந்தாலும் பரவாயில்ல. இப்ப பாத்தியா, ஊதின வாயையே அல்லாஹ் புடிச்சிட்டான். தௌபா செய்யி, பாவமன்னிப்புக் கேளு."

மார்க்கத்தில் எது கூடும், எது கூடாது என்பதைப் படித்தவர்கள் சொல்லட்டும். ஆனால் நோயாளியின் தலைமாட்டில் இருந்து சொல்கிற கதையா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மச்சான், நீங்க துஆக் கேக்க வந்தீங்களா, தீர்ப்புச் சொல்ல வந்தீங்களா?" என்று கேட்டே விட்டேன். அவர் சால்வையை உதறிக்கொண்டு போய்விட்டார். சொல்லிவிட்டுப் போன சொல் போகவில்லை. என் மனுசன் அதை நம்பிவிட்டார்.

அன்றோடு வாயை மூடியவர்தான். குழறலாகக்கூட ஒரு சொல் இல்லை. கஞ்சியில் நாலு கரண்டி, அதற்கு மேல் கையால் தடுப்பார். டொக்டர் சொல்லித் தந்த பயிற்சிக்கு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். குழலை எடுத்து நீட்டினேன். அடுப்பைக் காட்டினார். எரிக்கச் சொல்கிறார்! நான் அதை நூல் பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். ஒன்பது நாள், பத்து நாள் என்று எண்ணிக்கொண்டே தறியில் இருந்தேன். தறியில் நூலோடு குறுக்கே நாடா ஓடுகிற சத்தம் தவிர வீட்டில் வேறு சத்தம் இல்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

ஒருநாள் பகல் தறியை நிறுத்திவிட்டு ஃபோனை எடுத்து அதனிடமே கேட்டேன்: "வாய் கோணினவங்க ஊதுற குழல் இரிக்கா?" என்ன கேள்வி என்று சிரிக்காதீர்கள். கையில் வேறு ஒன்றும் இல்லாதவள் அப்படித்தான் கேட்பாள். ஃபோன் எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போனது. கழுகின் சிறகெலும்பில் துளை போட்ட குழல், குகைக்குள் கிடந்ததாம், பல்லாயிரம் வருடப் பழசு. எலும்பிலும் ஊதியிருக்கிறான் மனிதன்! மலைநாட்டுக்காரர்கள் நாணல் துண்டுகளை வரிசையாகக் கட்டி ஊதினார்கள். வேறொரு நாட்டில் வாயே வைக்காமல் கக்கத்தில் துருத்தியை இடுக்கிக் காற்றடித்தார்கள். அதை நான் எங்கே போய் வாங்க?

துருக்கி நாட்டு நாணல் குழலைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அதைச் சரித்துக் கடைவாயோரம் வைத்து ஊதினார்கள். ஊதியவர்களும் நம்மைப் போல கலிமாச் சொன்ன முஸ்லிம்கள்தான். அவருக்கு வலக் கடைவாய் நல்லாயிருக்கிறதே! வீடியோவைக் காட்டினேன். கெஞ்சினேன். கடைசியில் அழுதேன். என் அழுகைக்காகக் குழலை வாங்கி வலப்பக்கம் வைத்தார். காற்று முழுவதும் இடப்பக்கத்தால் போனது, எச்சிலும் சேர்ந்து. மூன்று தடவை ஊதினார். பிறகு குழலைச் சுவரில் அடித்தார். அது நெடுக வெடித்துவிட்டது.

அன்று நான் தோற்றுப் போனேன். அடுக்களையில் குந்தியிருந்து, "யா அல்லாஹ், இவர எனக்கு ஊமையா வெச்சாலும் பரவாயில்ல, உசிரோட வெச்சிரு" என்று கேட்டேன். அவர் சாப்பாட்டை விட்ட விதத்தில் அதுகூட நிச்சயமாகத் தெரியவில்லை.

மறுநாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு அவர் வுழூச் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில். வாய் கொப்பளித்த தண்ணீர் வழக்கம்போல வழிந்தது. அடுத்தது மூக்கு. தண்ணீரை உறிஞ்சினார், சிந்தினார். மூன்று தடவை. என்ன வேகம்! எதிர்ச் சுவர் நனைந்தது. ஃபோனில் பார்த்து, பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிட்ட ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது. கடலுக்கு நடுவில் தீவுகளில் இருக்கிறவர்கள் மூக்கால் குழல் ஊதுகிறார்கள். அங்கே சில இடங்களில், வாய் பொய் சொல்லும், மூக்குச் சொல்லாது என்று அப்படி ஊதுவார்களாம்.

ஓடிப்போய் நூல் பெட்டியைக் கவிழ்த்தேன். நூல் சுற்றி நாடாவுக்குள் வைக்கிற மூங்கில் குழாயை நாங்கள் நல்லி என்போம். இப்போது எல்லாம் பிளாஸ்டிக். பழைய மூங்கில் நல்லிகள் அடியில் கிடந்தன. அதில் ஒன்றுக்குக் கணு அடைத்துக்கொண்டிருந்தது. தறிக்கு ஆகாது என்று கழித்தது. ஃபோனில் பார்த்த மூக்குக் குழலுக்கும் ஒரு முனை அடைபட்டிருந்தது, எனக்கு அதுதான் வேண்டும். கம்பியைக் காய்ச்சி மூன்று துளை போட்டேன்.

அவரிடம் நீட்டவில்லை. அவர் முன்னால் பாயில் இருந்து, நானே மூக்கில் வைத்து ஊதினேன். ஆடு தும்மிய மாதிரி ஒரு சத்தம். திரும்பவும் ஊதினேன், திரும்பவும் ஆடு. மூச்சு முட்டிக் கண்ணீர் வந்தது. அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. என்னடா என்று மூக்கைத் துடைத்தால், விரலெல்லாம் நீலம். சாயம் காயாத நூலை எப்போதோ அந்த நல்லியில் நானே சுற்றியிருக்கிறேன். மூச்சு ஈரத்தில் ஊறிய சாயம் என் மேலுதடு வரை இறங்கியிருந்தது. கோணின வாயோடு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் போல அழகான ஒன்றை நான் கண்டதில்லை, சத்தியமாக.

"சிரிக்கிறீங்களா? ஏலுமெண்டா நீங்க ஊதுங்க பாப்பம்!"

பிடுங்கினார். ஒரு மூக்கை விரலால் அடைத்து, மற்றதில் நல்லியைச் சரித்து வைத்தார். முதலில் வெறும் காற்று. கொஞ்சம் திருப்பினார். ஒரு சத்தம் வந்தது. மெல்லிசு, கீச்சென்று, ஆனால் நேரான சத்தம். அவர் மூக்கும் நீலமானது. இரண்டு துளையை மூடித் திறந்தார். முகத்தைச் சுளித்தார். நல்லியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, என் சமையலில் உப்புக் குறைந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி என்னைப் பார்த்தார்.

"நீ...ளம்... காணா."

அவர் வாயை மூடிப் பதினைந்தாவது நாள் அது. குழறல்தான், எச்சிலோடுதான். நல்லியின் நீளம் போதாது என்கிறார், எனக்கு முதல் தடவையே விளங்கிவிட்டது. ஆனாலும் கேட்டேன்:

"என்னங்க? விளங்கல்ல. திரும்பச் சொல்லுங்க."