கழுவிய வண்டியில் சத்தம் வராது

நேற்று மாலை மகனின் டபுள் கெப் கராஜிலிருந்து திரும்பி வந்தது. வண்டி வாசலில் நிற்பதற்கு முன்பே ஷாம்பு வாசனை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. சில வாரங்களாகவே பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மண்வெட்டியை சீமெந்துத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம். எங்கள் வீட்டுச் சின்ன ஒழுங்கைச் சரிவில் அவன் இறங்கினால், பதுளை டவுனுக்கே அவன் சாப்பாட்டுக்கு வருவது தெரியும்.

"என்னவாம்?" என்றேன்.

"ஒண்ணும் இல்லையாம்ப்பா. கம்ப்யூட்டர் போட்டுப் பார்த்துட்டாங்க. ஓட்டியும் பார்த்தாங்களாம். சத்தமே வரலையாம்."

"ஓட்டிப் பார்த்தது கழுவுறதுக்கு முந்தியா, பிந்தியா?"

மகன் என்னைப் பார்த்தான். பென்ஷன் வாங்குகிறவர்களைப் பார்ப்பதற்கென்றே பிள்ளைகள் வைத்திருக்கும் பார்வை அது. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனான். ஆனால் அந்த ஷாம்பு வாசனை என்னைப் பிடித்துக்கொண்டுபோய் நமுனுகுல மலைச்சரிவில், எங்கள் தேயிலைத் தோட்டத்து வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் விட்டுவிட்டது. அங்கே ஷாம்பு கிடையாது. மஞ்சள் சவுக்காரக் கட்டியும், தேங்காய்ப் பொச்சும், டிரைவர் சன்னாசியும்தான்.

நான் அந்தத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவன். எந்தக் காரியத்துக்கு யாரிடம் போக வேண்டும், யாரிடம் போனால் காரியம் நடக்காது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இரண்டும் பெரும்பாலும் ஒரே ஆளாகத்தான் இருப்பார் என்பது வேறு கதை. தோட்டத்துக்கு ஒரு பிக்கப் இருந்தது. உரம் ஏற்றும், கொழுந்து ஏற்றும், சம்பளத்துக்கு முதல் நாள் பணம் கொண்டுவர என்னையும் ஒரு பொலிஸ்காரரையும் ஏற்றும். நோயாளியையும் பிள்ளைத்தாச்சியையும் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போவதும் அதுதான். அம்புலன்ஸ் என்று ஒன்று தோட்டத்தின் சொத்து விபரத்தில் இருந்தது. விபரத்தில் மட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்த பிக்கப்புக்குத்தான் பிரேக்கில் கரகரப்பு வந்தது. முதலில் கேட்டவர்கள் பின்னால் உட்கார்ந்து போகும் பெண்கள். பின் சில்லுக்கு நேர் மேலே, மழைக்குத் தலையில் கொங்காணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வளைவில் வண்டி பிரேக் பிடித்ததும் டிரைவர் இருக்கும் கெப் கூரையில் டம் டம் என்று தட்டுவார்கள். "சன்னாசியண்ணே, ஒன் வண்டி பல்லக் கடிக்குது" என்பாள் ஒருத்தி. "ஒன்னயப் பாத்துத்தான் கடிக்குது, எறங்கி நட" என்பான் அவன். சிரிப்பான். ஆனால் கொட்டகைக்கு வந்ததும் சிரிப்பு இருக்காது. காரணம், அவன் மனைவி பரமு கர்ப்பமாக இருந்தாள். கலியாணமாகிப் பல வருஷம் கழித்து, கதிர்காமம் வரை நடந்துபோய் வேண்டிப் பெற்ற கர்ப்பம். வலி எடுத்தால் அவளும் இதே வண்டியில், இதே பிரேக்கை நம்பித்தான் பசறைப் பாதை வளைவுகளில் இறங்கியாக வேண்டும்.

"கிளாக்கரய்யா, அவளுக்கு நாள் நெருங்குதுங்க. அதுக்குள்ள இதப் பாத்துக் குடுத்துருங்க" என்று என் மேசை முன்னால் வந்து நின்றான்.

பார்த்துக் கொடுப்பதற்கு ஒரு நடைமுறை இருந்தது. வண்டியை வெளி வேர்க்ஷொப்புக்கு அனுப்ப வேண்டுமானால், பழுதைத் தோட்ட மனேஜரான தொரை தானே நேரில் பரிசோதித்துத் திருப்திப்பட வேண்டும். கண்ணால் பார்க்கும் பழுதுக்கு இது அருமையான விதி. காதால் கேட்கும் பழுதுக்கு, தொரையை வண்டியில் ஏற்றி ஓட்ட வேண்டும். அப்படியே ஏற்பாடு செய்தேன்.

இனித்தான் எங்கள் ஆட்களுக்கே உரிய விஷயம் வருகிறது. தொரை முன்னால் போய் நிற்பது என்றால் நாங்கள் குளித்து, திருநீறு பூசி, வெளுத்த சட்டை போட்டுத்தான் போவோம். வண்டிக்கும் அதே சட்டம். சேற்று வண்டியைத் தொரைக்குக் காட்டுவதைவிடச் சன்னாசி வேலையையே விட்டுவிடுவான். ஆகவே விடியற்காலையில் பீலியில் குழாயைச் செருகி, சில்லு, சில்லுக்கு உள்பக்கம், அடிப்பக்கம் என்று பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதுபோல வண்டியைத் தேய்த்துக் கழுவுவான். பிறகு தொரை முன் சீட்டில் ஏறுவார். சன்னாசி மரியாதைக்காக முதல் கியரிலேயே உருட்டுவான். சத்தமா? விருந்தாளி முன்னால் பாடச் சொன்ன பிள்ளையைப்போல வண்டி வாயை மூடிக்கொண்டு போகும்.

"சத்தம் எங்க இருக்கி?" என்பார் தொரை. அவர் சிங்களவர். தோட்டத்திலேயே கற்ற தமிழ் என்பதால் எங்களில் பாதிப் பேரைவிட நன்றாகத் திட்டுவார்.

"நேத்து வரைக்கும் இருந்துச்சுங்க தொரை."

"நேத்து வரைக்கும் நம்ம தலயிலயும் முடி இருந்தது" என்று இறங்கிப் போய்விடுவார்.

இரண்டு நாள் கழித்து, கல்லுடைக்கிற இடத்துக்குப் போகும் சரளைப் பாதையில் வண்டி போய் வந்ததும் கரகரப்பு திரும்பிவிடும். நான் மீண்டும் தொரைக்கு எழுதுவேன். சன்னாசி மீண்டும் கழுவுவான். தொரை மீண்டும் திருப்திப்படுவார். இப்படிச் சில வாரங்கள் எல்லோரும் அவரவர் கடமையை ஒழுங்காகச் செய்தோம்.

நோய் தெரியாத இடத்தில் வைத்தியர்களுக்குக் குறைவே இராது. பின் வில்லுப்பட்டைதான் தளர்ந்துவிட்டது என்றார் ஸ்டோர்காரர். தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் எஞ்சினிலேயே கோளாறு என்றார். அவருக்கு உலகத்துக் கோளாறு எல்லாம் எஞ்சினில்தான். கோயில் பூசாரி நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். அன்று மாலை சத்தத்தோடு ஊறுகாய் வாசனையும் வந்தது.

பரமுவுக்கு வலி எடுத்தது ஒரு காலை நேரத்தில், பெரட்டில் வேலை பிரித்துக் கொடுத்து ஆட்கள் கலைந்த கையோடு. அன்று பார்த்துத் தொரைக்குப் பதுளையில், அரசாங்கக் கச்சேரியில் கூட்டம். அவருடைய காரோ மனைவியுடன் கொழும்பில். போகக் கிடைத்தது பிக்கப் ஒன்றுதான். கழுவ நேரமில்லாமல், முந்திய நாள் சரளைப் பாதைச் சேறு அப்படியே அப்பியிருக்க, சன்னாசி அதை பங்களா வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். முன் சீட்டில் பரமு பல்லைக் கடித்துக்கொண்டு சாய்ந்திருந்தாள். தொரை வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பின்னால் வந்து, கோட்டும் டையுமாக ஏறி, துணைக்கு வந்த மருத்துவிச்சிக்கும் எனக்கும் நடுவில், உரச் சாக்கின்மேல் உட்கார்ந்தார். பின் சில்லுக்கு நேர் மேலே.

முதல் வளைவில் சன்னாசி பிரேக் பிடித்தான். வண்டி பல்லைக் கடித்தது.

தொரை துள்ளிவிட்டார். "என்ன சத்தம் இது, கிளாக்கர்?"

"இதுதாங்க தொரை அது."

"எது?"

"நீங்க வந்தா வராம இருக்கிற சத்தம்."

அடுத்த வளைவில் அது காலடியில் தகரத்தையே அதிரவைத்தது. "இத ஏன் நம்மகிட்ட யாரும் சொல்றது இல்ல?" என்று தொரை கேட்டார். நான் மலையைப் பார்த்தேன். அன்று நமுனுகுல மிகத் தெளிவாகத் தெரிந்தது. அடுத்தடுத்த வளைவுகளில் வண்டி நிற்க எடுத்துக்கொண்ட தூரம் கூடிக்கொண்டே போனது. சன்னாசி கியரைக் குறைத்துக் குறைத்து, ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டு இறக்கினான். கெப் கூரையில் தட்டும் சத்தம் கேட்டது. தட்டியது தொரை. "மெல்லமா, சன்னாசி, மெல்லமா" என்றார். மருத்துவிச்சி அவருடைய கோட்டைப் பிடித்திருந்தாள். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பரமுவை உள்ளே அனுப்பியதும், வண்டியை நேரே வேர்க்ஷொப்புக்கு விடச் சொன்னார் தொரை. சன்னாசி செய்த முதல் காரியம், வாளி தேடியதுதான். தொரை ஏறிய வண்டி வேர்க்ஷொப்புக்கு இந்தக் கோலத்தில் போவதா? "தண்ணிய வையி" என்று தொரை போட்ட சத்தத்தில் வாசலில் இருந்த தாதியே திரும்பிப் பார்த்தாள். "மெக்கானிக் கேக்கட்டும். இப்பவே போ." கூட்டத்தை மறந்து தானும் வந்தார்.

மெக்கானிக் பின் சில்லைக் கழற்றி, டிரம்மைத் தட்டி எடுத்தான். உள்ளேயிருந்து சரளை மண் கொட்டியது. டிரம்மை மூடும் பின்தட்டில் ஓட்டை ஒன்று. அதை அடைக்க வேண்டிய றப்பர் மூடி எந்தக் காலத்திலோ விழுந்துபோயிருந்தது. அந்த வழியாகத்தான் மண் உள்ளே போயிருக்கிறது.

"தண்ணி அடிச்சுக் கழுவினா கொஞ்ச நாளைக்குச் சத்தம் நின்னிருக்குமே?" என்றான் மெக்கானிக், கை துடைத்துக்கொண்டே.

நாங்கள் மூவரும் மூன்று திசையில் பார்த்தோம்.

பிறகு அவன் பிரேக் கட்டையைக் காட்டினான். மண் அதைத் தேய்த்துத் தேய்த்து ஆணி தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தது. "இன்னொரு தடவ இந்த மலையில எறங்கியிருந்தா..." என்று தொடங்கி, சன்னாசியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பிரேக் கட்டை மாற்றி, மூடி போட்டு முடித்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது பெண் குழந்தை பிறந்திருந்தது. வண்டியைவிட அதற்குச் சத்தம் அதிகம்.

அந்தத் தொரை இப்போது இல்லை. சன்னாசியும் இல்லை. பங்களாவில் வெள்ளைக்காரர்கள் வாடகைக்குத் தங்கி, அதே பீலித் தண்ணீரைப் போத்தலில் வாங்கிக் குடிக்கிறார்கள். அன்று பிறந்த பெண் பசறைப் பக்கம் டீச்சராக இருக்கிறாள். பஸ்ஸில்தான் போய்வருகிறாள்.

இன்று காலை மகனிடம் சொன்னேன். "பூனாகலைக்கு வேலைக்குப் போய்ட்டு, வந்த சேத்தோட அப்படியே கராஜுக்குக் கொண்டு போ. கழுவ விடாத."

"அழுக்கு வண்டியக் கொண்டு போனா என்னப்பா நெனைப்பாங்க?"

தொரை போய்விட்டார், அவர் முன்னால் கழுவிக்கொண்டு நிற்பது மட்டும் போகவில்லை. "அப்ப என்னப் பின்னால ஏத்து, நான் கேட்டுச் சொல்றேன்" என்றேன். பின்பக்கத்துக்குக் கறுப்பாக ஒரு மூடி போட்டிருக்கிறான். அங்கே ஆள் உட்காரக் கூடாதாம், சட்டமாம். சட்டத்தை எனக்குச் சொல்கிறான்.

ஆகவே மாலையில் அவன் பூனாகலைச் சேற்றோடு திரும்பி வந்ததும், முன் சீட்டில் உட்கார்ந்து டவுனுக்குப் போனேன். கண்ணாடி ஏற்றியிருந்தது, ஏசி ஓடியது, பாட்டு ஓடியது. ஆஸ்பத்திரிச் சரிவில் அவன் பிரேக் பிடித்தபோது எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எங்கள் பின் சில்லைத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். கூரையில் யாரும் தட்டவில்லை.