எண்பத்தொன்று என்றால் தொண்ணூற்றாறு

போன வாரம் ஆதார் தாளை லேமினேஷன் செய்ய விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றேன். மெஷினிலிருந்து சூடான பிளாஸ்டிக் வாசனை வந்ததும் ரெண்டடி பின்னால் போய் நின்றேன். மற்றவர்களுக்கு மல்லிகை, மண்வாசனை என்று எதிலெதிலோ பழைய ஞாபகம் வருகிறது. எனக்கு லேமினேஷன். என் யோகம் அப்படி.

நான் ரெண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடமும் என்னைத் தேடி வரவில்லை. ரெண்டு பேருக்கும் நிம்மதி. கூட்டேரிப்பட்டு ரோட்டோர ஓட்டலில் பரோட்டா மாஸ்டர் ஆனேன். ‘மாஸ்டர்’ பட்டம் வாங்க மைதாமாவு போதும், பாருங்கள். ஆனால் என் மகள் ஸ்டெல்லா, கவர்மெண்ட் பள்ளியில் பத்தாவதில் முதல் மார்க். அவளுக்கு ஒரே ஆசை: சென்னையில் அந்தப் பேர்போன கல்லூரியில் கணிதம் படிக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அருள்தாஸ் வந்தான். என் கூட்டாளி. ஸ்டெல்லாவின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன். திண்டிவனத்தில் புதிதாக ஆரம்பித்த ஒரு சென்ட்ரல் சிலபஸ் பள்ளிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

“மச்சான், ஸ்டேட் போர்டு மார்க்குலாம் அள்ளி வுடற மார்க்குடா. பெரிய காலேஜுல மதிக்கவே மாட்டான். எங்க ஸ்கூல்ல எம்பத்தொண்ணு எடுத்தா, அத தொண்ணூத்தாறுன்னு எடுத்துக்குவான்.”

“அது எந்த ஊரு கணக்குடா?”

“ஒனக்குச் சொன்னா புரியுமா? ஜல்தியா ஒரு ஆம்லெட் போடு.”

மறுநாள் பள்ளியின் நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்தான். இடதுபக்கம் அந்தப் பள்ளியில் எடுக்கும் மார்க்கு. வலதுபக்கம் கல்லூரி எடுத்துக்கொள்ளும் மார்க்கு. கலர் அச்சு வேறு. எனக்கு எழுத்து தடுக்கும், எண் தடுக்காது. நம்பிவிட்டேன்.

“அப்ப ஒன் பொண்ணு மெர்சியையும் அங்கியே சேத்துடேன்.”

“அப்பன் ஓட்டற வண்டியில பொண்ணு வந்தா பசங்க கலாய்க்கும்டா.”

நியாயம்தானே என்று நானும் சேர்ந்து சிரித்தேன். ஸ்டெல்லாதான் முகம் சுளித்தாள். “நான் இங்கியே படிச்சிக்கினு இருக்கறேம்பா. இந்த டீச்சரு நல்லா சொல்லிக்குடுக்குறாங்க.”

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மாரு” என்றேன். ரெண்டாம் வகுப்பு பத்தாம் வகுப்புக்குச் சொன்ன புத்தி.

ரெண்டு வருடம் புதுப் பாடத்தோடு மல்லுக்கட்டி, பன்னிரண்டாவதில் நூற்றுக்கு எண்பத்தொன்று வாங்கினாள். அவள் அழுதாள். நான் நோட்டீசைப் பார்த்து விரல் வைத்து, தொண்ணூற்றாறு என்று கண்டுபிடித்து, ஓட்டலில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். நோட்டீசு கசங்கக் கூடாதே என்று ரெண்டு பக்கமும் லேமினேஷன் போட்டுச் சென்னைக்கு எடுத்துப்போனேன். மார்க் ஷீட்டைக்கூட சும்மா கவரில்தான் வைத்திருந்தேன்.

கல்லூரி மேடம் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“இது அந்த ஸ்கூல் விளம்பரம்ங்க. நாங்க எந்த போர்டா இருந்தாலும் நூத்துக்கு எவ்வளவுன்னுதான் பாக்கறோம். எதையும் கூட்டிப் போடறதில்ல.”

நான் விடவில்லை. “மேடம், பரோட்டா எல்லாக் கடையிலயும் ஒண்ணுதான். உருண்ட சைசு வேறல்ல? எங்க பொண்ணுது பெரிய உருண்டைங்க.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. “எனக்கும் தெரியுதுங்க. ஆனா இங்க எண்ணத்தான் முடியும், எடை போட முடியாது. இதெல்லாம் யாரு சொன்னாங்க ஒங்களுக்கு?”

“வேன் டிரைவருங்க.”

அதற்கும் சிரித்தார்கள். சிரிக்க வைப்பது என் தொழில் மாதிரி. அன்றைக்கு மட்டும் வாயைத் தைத்திருக்கலாம்.

வெளியே வந்தால், சீட்டு கிடைத்தவர்கள் வரிசையில் மெர்சி நிற்கிறாள். கையில் ஸ்டேட் போர்டு மார்க் ஷீட்டு. பக்கத்தில் அருள்தாஸ். வேளாங்கண்ணிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவன்.

ஸ்டெல்லாதான் கேட்டாள். “ஏன் ஞானப்பா, மெர்சிய மட்டும் எங்க ஸ்கூல்ல சேக்கல?”

அவன் அவளைப் பார்க்கவில்லை. என்னிடம் சொன்னான். “கூட்டேரிப்பட்டுல பத்து புள்ளைங்க சேரலன்னா ரூட்ட நிறுத்திடுவோம்னாங்க மச்சான். ஒம்போதுதான் இருந்துச்சி.”

பத்தாவது ஆள் என் மகள்.

அடுத்த வருடமே அந்த ரூட்டை நிறுத்திவிட்டார்கள். பள்ளியின் பெயர்கூட மாறிவிட்டது. அருள்தாஸ் எங்கோ லாரி ஓட்டுகிறானாம். அவனை நாலு பேர் முன்னால் திட்டத் தீர்மானித்து வசவெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் அவன் விரித்த வலைக்குள் அவளைக் கையைப் பிடித்து இழுத்துப்போனது யார் என்று யோசித்தால், பாதி வசவு என் பக்கம் திரும்பிவிடுகிறது.

ஸ்டெல்லா விழுப்புரத்திலேயே வேறொரு கல்லூரியில் வேறு பாடம் எடுத்தாள். சின்ன வயதில் பரீட்சைத் தாள் கொடுத்த அன்று, பையைக்கூட இறக்காமல் பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். தமிழ் எவ்வளவு, கணக்கு எவ்வளவு, எங்கே ஒரு மார்க் போனது, யார் இவளை முந்தினார்கள், எல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பதற்குள் ரெண்டு பரோட்டா கருகிவிடும். கல்லூரியில் மூன்று வருடமும் நான்தான் கேட்டேன், எவ்வளவும்மா என்று.

“பாஸ்ப்பா” என்பாள். அவ்வளவுதான்.