அவன் ஊதிக் குடுத்த மல்லாட்டை

இன்னைக்குக் காலையில திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல என்னோட காதல் முடிஞ்சிடுச்சிங்க.

சரவணன் என் டைப்பே கிடையாது. ஆனா வறுத்த மல்லாட்டையை, அதாங்க வேர்க்கடலையை, உள்ளங்கையில தேய்ச்சி, தோலை ஊதிட்டு, பருப்பை மட்டும் என் கையில கொட்டுவான். அதுல விழுந்தவ நான்.

அவனுக்கு முன்னாடி நான் காதலிச்சது ஒரு பொண்ணை. யாரை, எதுக்குப் பிடிக்கும்னு எனக்கே முன்கூட்டித் தெரியறதில்ல. கட்டிக்கப் போறவன்கிட்ட மறைக்க வேணாம்னு போன வாரம் சொல்லிட்டேன்.

இன்னைக்குத்தான் பதில் சொன்னான்.

"உனக்கு ஆம்பளைங்களை மட்டும் பிடிக்கும்னா அவனுங்களை மட்டும் கவனிச்சிக்கினு இருப்பேன். நீ பொண்ணுங்களையும் சொல்ற. நான் யாரைன்னு சந்தேகப்படறது?"

"யாரையும் சந்தேகப்படாம இருந்து பாரேன்"னேன்.

"பஸ் வந்துடுச்சி, ஏறு"ன்னான். பழக்க தோஷத்துல ஒரு மல்லாட்டைப் பொட்டலமும் வாங்கிக் குடுத்தான்.

விழுப்புரம் பஸ்ல ஆம்பளைங்க பக்கம் ஒரு சீட் காலியா இருந்துச்சி. உட்காரப் போனேன். கண்டக்டர், "லேடீஸ் பக்கம் போம்மா, அங்கதான் சேஃப்டி"ன்னாரு. அழுதுக்கினே சிரிச்சிட்டேன்.

பஸ் நிறைய ஆம்பளைங்க, பொம்பளைங்க. சரவணன் பயந்த அத்தனை பேரும் இருந்தாங்க. ஒருத்தர் மூஞ்சியும் எனக்கு ஞாபகம் இல்ல.

பொட்டலத்தைப் பிரிச்சி, தோலோடவே தின்னுக்கினு வந்தேன்.

நல்லா தோல் ஊதத் தெரிஞ்சவங்க கமெண்ட்ல வாங்க. ஆம்பளையா இருந்தாலும் சரி, பொம்பளையா இருந்தாலும் சரி.

அவன் மாதிரி ஊத மாட்டீங்க. தெரியும்.