தரைக்கு அடியில் போன கனகாம்பரம்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுகிறவன் நான். கொத்தனாரான எனக்கு, தளம் சரியா என்று ரசமட்டம் காட்டுவதுதான் உண்மை. அதனால் இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், நடந்தது நடந்ததுதான்.

எண்பதுகளின் தொடக்கம். அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக்குப் புது ஆபீஸ் கட்டினோம். ஏசி காற்று தரையிலிருந்து வர வேண்டும் என்பது இன்ஜினியரின் ஆசை. சிமெண்டுக் குழாய்களை வரிசையாகப் பதித்து, மேலே கான்கிரீட் போட்டு மூடி, எட்டு இடத்தில் மட்டும் காற்று வர வாய் விட்டோம்.

"நாளைக்கு உள்ள ஒண்ணுன்னா எங்கேருந்து சார் பாக்குறது?" என்று மேஸ்திரி அப்போதே கேட்டார். யாரும் காதில் வாங்கவில்லை.

மெஷினைப் போட்ட முதல் நாளே சகதி நாற்றத்தோடு ஈரக்காற்று வீசியது. காற்று வாயைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சாண் தண்ணீர். சித்திரை மாதம், மழையும் இல்லை, பக்கத்தில் தண்ணீர்க் குழாயும் இல்லை. மேஸ்திரி ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தார். கலவைத் தண்ணீரை அப்படிப் பார்ப்பது எங்கள் வழக்கம், உப்பாக இருந்தால் கம்பி துருப்பிடித்துவிடும்.

"உப்புடா! வாயில வைக்க முடியல" என்று துப்பினார்.

எந்த இடத்தில் விரிசல் என்று தெரியாததால், முழுத் தரையையும் உடைக்கச் சொல்லிவிட்டார் இன்ஜினியர். நான் தனியாகப் பொறுப்பெடுத்துப் போட்ட முதல் தரை அது. அதைவிடப் பெரிய கவலை, மேஸ்திரி மகள் செல்வியை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு இருந்தது.

"ஒரு தரைய ஒழுங்கா போடத் தெரியாதவன் எம்பொண்ண எப்படி வச்சுக் காப்பாத்துவான்?" என்று மேஸ்திரி எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

மூன்று நாள் தவணை கேட்டு அந்த வாய்ப்பக்கமே உட்கார்ந்தேன். தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்தேன். காலையில் ஏறியது மதியம் வடிந்தது, சாயங்காலம் மறுபடி ஏறியது. மறுநாளும் அப்படியே, ஆனால் முக்கால் மணி நேரம் தள்ளி. மெஷின் நின்றிருந்தும் உள்ளே ஓர் இரைச்சல், வருவதும் போவதுமாக. பயம் வந்திருக்க வேண்டும். எனக்கோ, தூரத்தில் திருவிழாக் கூட்டம் வருகிற மாதிரி ஒரு சந்தோஷம்.

"என்ன கொத்தனாரே, தரையத் தூங்க வைக்கிறீங்களா?" என்று செல்வி கலவைச் சட்டியோடு வந்து நின்றாள்.

"வடியிற தண்ணி எங்கயோ போவுது. அந்த எடம் தெரிஞ்சா அங்க மட்டும் ஒடைச்சாப் போதும்." அவளிடம் நான் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

அவள் தலையிலிருந்த கனகாம்பரத்தில் ஒரு துண்டைக் கிள்ளித் தந்தாள். "இத விட்டுப் பாருங்க. ஆனா எம்பூ எனக்குத் திரும்பி வந்தாவணும்."

அடையாளத்துக்கு, மட்டம் பிடிக்கிற என் நீல நூலில் ஒரு துண்டை அதில் சுற்றி, வடிகிற நேரம் பார்த்து முதல் வாயில் விட்டேன். அவள் ஒவ்வொரு வாயாக ஓடினாள். "ரெண்டுல வந்துருச்சு! மூணு! நாலு!" ஐந்தில் வரவில்லை.

நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே இரண்டடி மட்டும் உடைத்தோம். குழாய் இணைப்பில் சுண்டுவிரல்கூட நுழையாத விரிசல், அதற்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. பூவைக் காணோம். விரிசலை அடைத்தோம். தண்ணீர் அதன் பிறகு வரவே இல்லை.

"எம்பொண்ணுக்கு வைக்க வேண்டிய பூவத் தரைக்கு வச்சுட்டியேடா! ஆவணியில வந்து ஒழுங்கா வையி" என்று மேஸ்திரி சிரித்த சிரிப்பு ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

கல்யாணம் முடிந்து தரங்கம்பாடிக்குப் போனோம். பஸ்ஸிலேயே அரை நாள். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. பார்ப்பதற்கு முன்பே நின்றுவிட்டேன். அதே இரைச்சல். வலை உலர்த்திக்கொண்டிருந்தவரிடம் கடல் எப்போது ஏறும், இறங்கும் என்று கேட்டேன்.

"ரெண்டு வேள ஏறும், ரெண்டு வேள எறங்கும். தெனம் முக்கா மணி தள்ளித்தான் வரும்" என்றார்.

அன்றிலிருந்து வருடம் ஒருமுறை போகிறோம். "எம்பூ எங்க?" என்று செல்வி அலையோடு சண்டை போடுவாள், நான் சிரிப்பேன். போன தை மாதம் பஸ் கிளம்புகிற நேரத்தில் ஓடிவந்து ஏறினாள். வலது கையை மூடியிருந்தாள். ஊர் வரும்வரை திறக்கவில்லை. விரல் இடுக்கில் நீலமாக ஒரு நூல் நுனி தெரிந்தது.