தொடாமல் வைத்த மூன்று நாள்

டிசம்பர் மாதம், ஞாயிறு காலை ஏழு பத்து. நைட் டூட்டி முடிந்த கையோடு ராமச்சந்திராபுரத்தில் கம்பெனி பஸ் ஏறினேன். தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். செகந்திராபாத்துக்கு முப்பது கிலோமீட்டர். மாரேட்பள்ளியில் என் அக்கா வீட்டு முன்னறையில் குளிர்காலம்தோறும் ஒரு திபெத்தியத் தம்பதி தங்கி ஸ்வெட்டர் விற்பார்கள். கணவர் வெள்ளிக்கிழமை மாரடைப்பில் இறந்துவிட்டார். உடலைத் துடைத்துக் கட்டப் பையில் பஞ்சும் கட்டுத்துணியும் வைத்திருந்தேன்.

எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். உயிர் போன கட்டிலிலேயே உடல் கிடந்தது. பக்கத்தில், வெண்ணெய்க்குப் பதில் டால்டா இட்டு ஏற்றிய விளக்குகள். மனைவி டோல்மா மணிமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். மடங்கியிருந்த காலை நீட்டிவிடப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, தொடாத! அவரு உயிரு இன்னும் உள்ளதான் இருக்காம். லாமா வந்து மொதல்ல உச்சந்தலையத் தொடணும். நாம வேற எங்கயும் தொட்டா உயிரு தப்பான வழியாப் போயிருமாம்.”

அழவும் கூடாதாம், அழுகை கேட்டால் போகிறவருக்கு வழி தெரியாமல் போய்விடுமாம். எங்கள் சொந்தத்தில் எந்தச் சாவிலும் அக்காவின் ஒப்பாரிதான் தெருக்கோடி வரை கேட்கும். மூன்று நாளாக அவள் வாயில் முந்தானையை வைத்து அடக்கியிருந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். “நக்கோ சிஸ்டர், வேணாம். மூணு நாளா? கைக்கு, எதுக்கு? நோய் பரவும். முனிசிபாலிட்டிக்குச் சொல்லிடுவேன்.”

“டாக்டர் சர்டிபிகேட் பாருங்க. மாரடைப்பு, ஒட்டற வியாதி இல்ல. நான் நர்ஸ், நான் பொறுப்பு” என்றேன். சர்டிபிகேட்டை இரண்டு முறை படித்தார். “மத்தியானம் வரைக்கும்தான்” என்று போய்விட்டார்.

பத்தே முக்காலுக்கு கர்நாடகத்து முண்டுகோடு திபெத்தியக் குடியிருப்பிலிருந்து லாமா வந்தார். ஹூப்ளி வந்து ரயில் பிடித்த அலுப்போடு அப்படியே உட்கார்ந்தார். இறந்தவரின் காதருகே குனிந்து, உயிருள்ளவரிடம் பேசுவதுபோல நிதானமாகப் பேசினார். டோல்மா எனக்கு இந்தியில் சொன்னாள்: “‘நீ இறந்துட்டே, பயப்படாதே, திரும்பிப் பார்க்காதே’ன்னு சொல்றார்.” பிறகு உச்சியில் ஒரு முடியை மெல்ல இழுத்தார். தலையசைத்தார். அப்போதுதான் நான் தொட்டேன். நூற்றுக்கணக்கான உடல்களைத் துடைத்துக் கட்டியிருக்கிறேன். இவ்வளவு மெதுவாக ஒருவரையும் தொட்டதில்லை.

டோல்மா, மரியாதைக்குச் சாத்தும் ஒரு வெள்ளைப் பட்டுத்துணியை அக்காவிடம் நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை ஒருநாளும் விடாத அக்கா, அன்று வேதக்கோவிலுக்குப் போகாமல் அந்தத் துணியை இறந்தவர் மார்பில் சாத்தினாள்.

பன்சிலால்பேட்டை சுடுகாட்டுக்கு ரிக்‌ஷா இரண்டு ரூபாய். தீ பிடித்ததும் அக்கா கேட்டாள்: “இப்பவாவது அழலாமா?”

டோல்மா கூடாது என்று தலையாட்டினாள். இறந்ததிலிருந்து நாற்பத்தொன்பது நாள், வாராவாரம் பூஜை. அதுவரை அவர் அடுத்த பிறவி தேடி அலைவாராம்.

“அதுவரைக்கும் அந்த ரூம் உனக்குத்தான்” என்று அவளிடம் சொன்னாள் அக்கா.

ஐந்து மணி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண், என் ஈரத்தலையைப் பார்த்து, எங்கே போய் வருகிறேன் என்று கேட்டாள். திபெத், லாமா என்று விளக்க வாயெடுத்தேன். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, “எங்க வீட்டுல ஒரு சாவு” என்றேன்.