வராந்தாவில் தொங்கிய பானை

1973 அக்டோபர் 14, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு பத்து. அம்பத்தூரில் கிழக்கேயிருந்து சாரல். பலத்த மழை இல்லை. ஆனால் எங்கள் வராந்தாவின் சிமெண்டுத் தரை சரிபாதிவரை நனைந்திருந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தும் இரண்டு பக்கம் திறப்பு. காற்று அடித்தால் கூரை இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

பக்கத்துப் போர்ஷன்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஓட்டுபவர். அந்த மாதம் முழுக்க அவருக்கு இரவு ஷிப்டு. கண் இரண்டும் செக்கச் சிவந்திருந்தன.

"சார், கோச்சிக்காத. ஒண்ணு சொல்லணும்" என்று வலது கையை நீட்டினார். நடுவிரல் நகம் கறுத்து, பாதி பெயர்ந்திருந்தது. "நேத்து நைட்டு கண்ணு சொருகிடுச்சு சார். கை உள்ள கீது, மேல இருந்து எறங்குது. பக்கத்து மிஷின்காரன் கத்துனான், இஸ்துகினேன். நகத்தோட போச்சு. பகல்ல ரெண்டு மணி நேரம் சேந்தாப்புல தூங்க முடியல. உங்க ஊட்டு ரேடியோ என் தலமாட்டுல பாடுது."

என் மனைவி தையல் மிஷினை நிறுத்தாமலே, "நாங்க என்ன ஊரைக் கூட்டியா பாட்டு வைக்கிறோம், தம்பி?" என்றாள்.

"ஊரக் கூட்டலக்கா. என்ன மட்டுந்தான் கூட்டறீங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. இரண்டு போர்ஷனுக்கும் நடுவில் ஒரே செங்கல் கனமுள்ள சுவர். எங்கள் ஹாலில் இருந்தது ஒரே பிளக் பாயிண்ட், அது அந்தச் சுவரில். இன்னொன்று போட வீட்டுக்காரர் விடவில்லை. அதனால் ரேடியோ அங்கே. சுவருக்கு அந்தப்புறம் அவர் தலையணை. வெளிச்சத்துக்காக என் மனைவி வராந்தாவில் தைப்பாள். மிஷின் சத்தத்தை மீறிப் பாட்டு அங்கே கேட்க வேண்டுமென்றால் ரேடியோவை முக்கால் பங்கு திருப்பியாக வேண்டும்.

பாட்டை நிறுத்தச் சொல்லலாமே என்றால், தீபாவளிக்கு இரண்டு வாரம்கூட இல்லை. ரவிக்கையும் பாவாடையுமாக முப்பத்தெட்டு உருப்படி பாக்கி. ரேடியோ பாடினால் ஒரு நாளைக்கு ஐந்து ரவிக்கை, பாடாவிட்டால் மூன்றரை. நான் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கணக்குப் பார்ப்பவன். வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. ரேடியோவையே வெளியே தூக்கி வைக்கலாம் என்றாள் அவள். முன்னூற்று எண்பத்தைந்து ரூபாய் ரேடியோ. சாரல் அடித்தால்? யாராவது தூக்கிக்கொண்டு போனால்? அன்று இரவு எனக்கும் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அந்த நகம்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு, வேலப்பன்சாவடியில் பஸ் மாறிப் பூந்தமல்லி போனேன். போக வர ஒரு ரூபாய் இருபது பைசா. அங்கே கல்யாணங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடும் பாய் ஒருவர் பழைய ஸ்பீக்கர்களும் விற்பார்.

ரேடியோ ஹாலிலேயே இருக்கும், பாட்டு மட்டும் வராந்தாவில் வர வேண்டும் என்றேன். மழையில் கெடக் கூடாது, விலையும் குறைவாக இருக்க வேண்டும். அவர் ஒரு ஹார்னை எடுத்துத் தட்டிக் காட்டினார். "தகரம் சார். மழையில குளிச்சாலும் ஒண்ணும் ஆவாது. அம்பத்தஞ்சு குடுங்க."

"பக்கத்து வீட்டுல பகல்ல தூங்கணும், பாய். அதுக்காகத்தான் வாங்கறேன்."

பாய் கடையில் இருந்த இன்னொருவரைக் கூப்பிட்டே சொன்னார்: "இங்க வாப்பா, அடுத்த ஊட்டுக்காரன் தூங்கறதுக்கு ஸ்பீக்கர் வாங்க வந்திருக்காரு." இருவரும் சிரித்து முடிக்கும்வரை நின்றேன்.

அடுத்தது தேக்குப் பெட்டி, முன்னால் துணி வைத்தது. முப்பத்தெட்டு ரூபாய். பாட்டு இனிமையாகத்தான் இருந்தது. உள்ளே இருப்பது காகிதக் கூம்பு. ஈரம் பட்டால் ஊறிவிடும் என்று அவரே சொன்னார். "ஹால்ல வெச்சா பத்து வருசம். உங்க வராந்தாவுல ஐப்பசி தாண்டாது." கடைசியாகப் பெட்டி இல்லாத வெறும் ஸ்பீக்கர், பன்னிரண்டு ரூபாய். அதிலும் காகிதம்தான். "பானை வாய்ல வெச்சுக் கட்டுங்க. டீக்கடையில எல்லாம் பாக்கறீங்கல்ல? பெட்டி செலவு மிச்சம். போனா பன்னண்டு ரூபாயோட போச்சு."

கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்தது. வாங்கினேன். ஒயர் ஒன்பது மீட்டர் மூன்று ரூபாய் அறுபது, ரேடியோவுக்குள் பேசுவதை நிறுத்தி வெளியே பேசவைக்க ஒரு சின்ன சுவிட்ச் ஒன்றேகால் ரூபாய். அம்பத்தூரில் இறங்கிப் பானை ஒன்று, முக்கால் ரூபாய்.

பானையின் கழுத்தைச் சுற்றிக் கம்பி கட்டி, ஸ்பீக்கரின் நான்கு காதுகளையும் அதோடு சேர்த்து முறுக்கினேன். டீக்கடைகளில் இருப்பது போலவே வராந்தாத் தரையில் வாய் மேலே பார்க்க வைத்தேன். பாட்டு கணீரென்று வந்தது. சாரலுக்கு மூட ஒன்றரை ரூபாய்க்கு ஒரு துண்டு ரெக்சினும் வாங்கினேன். மூடினால் பாட்டு இல்லை, திறந்தால் ஈரம். வியாழக்கிழமை அவள் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி எடுக்க உள்ளே போன நேரத்தில் ஸ்பீக்கர் காகிதம் நனைந்து, பாடிக்கொண்டிருந்தவருக்கு ஜலதோஷம் பிடித்தது. விளக்கடியில் காயவைத்துப் பிழைக்கவைத்தேன்.

ஞாயிறு, 21-ஆம் தேதி, காலை பதினொன்றரை. தூறல். பக்கத்துப் போர்ஷன்காரர் மறுபடி வந்தார். இந்த முறை துண்டுகூட இல்லை.

"தலமாட்டுல இப்ப இல்ல சார்" என்றார்.

"அப்பாடா" என்றேன்.

"இன்னா அப்பாடா? வவுத்துல பாடுது! பாயில படுத்தா திம் திம்முன்னு தரையே அதுருது. எட்த்துட்டு வேற எங்கனா வை சார்."

நான் பதில் சொல்வதற்குள் அவரே குனிந்து, பாடிக்கொண்டிருந்த பானையை இரண்டு கையாலும் தூக்கிவிட்டார். தூறல் முகத்தில் அடித்தது. காகிதம் நனையுமே என்று நான் கத்த, அவர் சட்டென்று பானையைக் கவிழ்த்து மார்போடு பிடித்தபடி உள்பக்கம் நகர்ந்தார். அங்கே என் மனைவியின் மிஷின். பானையின் வாய் நேராக அவள் தலைக்கு மேல்.

மிஷின் நின்றது. "தம்பி, அப்படியே நில்லு. அசையாதே. பக்கத்துல உட்கார்ந்து பாடற மாதிரி கேக்குது!"

"இன்னாக்கா, நைட்டெல்லாம் பிரஸ்ஸு, பகல்ல பானையா?"

"தீபாவளி வரைக்கும்தான். பலகாரம் தர்றேன்."

நான் படியிறங்கித் தெருவில் நின்று கேட்டேன். பாட்டு இருப்பது தெரிந்தது, வார்த்தை தெரியவில்லை. அவர் மனைவியைப் படுக்கும் இடத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னோம். உள்ளேயிருந்து அந்த அம்மாள், "ஒண்ணும் கேக்கல! நிறுத்திட்டீங்களா?" என்றாள். பானையின் முதுகைத் தடவிப் பார்த்தேன். முதுகு முழுக்க ஈரம். உள்ளே விரலை விட்டேன். காகிதம் காய்ந்தே இருந்தது. அதன் கூரை அதன் உடம்பிலேயே இருந்திருக்கிறது. நாங்கள்தான் ஆறு நாளாக அதை மல்லாத்தி வைத்திருந்தோம்.

உறி கட்டக் கயிறு வாங்கி வருகிறேன் என்றேன். அதற்குள் அவர் தன் வீட்டிலிருந்தே தேங்காய்நார்க் கயிறு கொண்டுவந்து, வலைபோல் பின்னி, கூரையைத் தாங்கும் இரும்புக் குழாயில் பானையைக் கவிழ்த்துத் தொங்கவிட்டார். கயிற்றுக்குக் காசு வாங்க மறுத்தார். எனக்குப் பயம் போகவில்லை. அறுந்து விழுந்தால் அவள் தலை. பானையை மறுபடி இறக்கச் சொல்லி மளிகைக் கடைத் தராசில் நிறுத்தேன். இரண்டு கிலோ முன்னூறு கிராம். இன்னொரு கயிறும் சேர்த்துக் கட்டவைத்தேன். "சார், இதுல யானையக் கட்லாம்" என்றார். இருக்கட்டும் என்றேன். அதற்கப்புறம் தினமும் மாலை முடிச்சுகளைத் தொட்டுப் பார்ப்பது என் வேலையாயிற்று.

மறுநாள் ஆபீசில் பானை நினைப்பிலேயே கூட்டல் இரண்டு இடத்தில் தப்பியது. ஐந்து இருபதுக்கு வீடு வந்தேன். அவர் வராந்தாவில் நின்று சோம்பல் முறித்துக்கொண்டிருந்தார். முகத்தில் பாயின் கோரை பதிந்திருந்தது.

"இன்னா சார், இன்னிக்கு ரேடியோவுக்கு லீவா? இப்பத்தான் எயுந்தேன். எட்டு மணிக்குப் படுத்தவன்!"

"காலையிலிருந்து பாடிக்கிட்டேதான் இருக்கு" என்றாள் என் மனைவி. அவர் நம்பவில்லை. பானைக்கு அடியில் தலையைக் கொண்டுபோய் நீட்டினார். உள்ளே யாரோ காதல் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் தலையை எடுக்கவில்லை, பாட்டு முடியும்வரை.

முப்பத்தெட்டு உருப்படியும் தீபாவளிக்கு முதல் நாள் மதியமே போய்ச் சேர்ந்தன. அந்த ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் பானை முதுகில் வாங்கியது. வெளியே பாசி பிடித்தது. உள்ளே ஒன்றும் ஆகவில்லை. ஆறு வருடம் பாடியது. அவர் ஷிப்டு முடிந்து வரும் காலைகளில் என் வீட்டு வாசலில் கிடக்கும் பேப்பரை எடுத்து என்னிடம் நீட்டுவார். தலைப்பைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பிடித்திருக்கும் விரல்களை எண்ணிவிடுவேன். ஒருநாளும் குறையவில்லை. நடுவிரல் நகம் மட்டும் கோணலாக வளர்ந்தது.

வீணாய்ப்போன ரெக்சினையும் சேர்த்து, மொத்தச் செலவு இருபது ரூபாய் முப்பது பைசா.